வானத்திலிருந்து தெரிந்த தண்ணீர்

“…வானத்துல இருக்கறது எல்லாத்தையும் பாத்துக்கினு இருக்குதுன்னா, என் வாயப் புடுங்கிக்கினு போனது இன்னாத்துக்குத் தம்பி?”

அந்த அக்கா இப்படிக் கேட்டபோது, நான் அவருடைய கழனி வரப்பில் சட்டைப் பையில் போனோடு நின்றிருந்தேன். கூடப் பிறந்த அக்கா இல்லை. நான் தண்ணீர் அளக்கப் போய்வந்த கழனிகளில் ஒன்றின் சொந்தக்காரர். அவர் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்ல, தை மாதத்தில் போட்ட அந்த நவரைப் பட்டத்தின் நடவுக்கே திரும்பிப் போக வேண்டும்.

நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடம் போடுவது, செயற்கைக்கோள் படத்தில் ஒரு கழனியைக் கண்டுபிடிப்பது எல்லாம் வீடியோ பார்த்து நானாகக் கற்றுக்கொண்டவை. எதற்குக் கற்றேன் என்று கேட்டால் அப்போது பதில் கிடையாது, ஆசைதான். பிறகு ஒரு நாள் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்காரர்கள் ஊர்ப்பக்கம் சுற்ற ஆள் தேடி வந்தார்கள். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வேலை இதுதான். பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் தன் நிலத்திலிருந்து எவ்வளவு கிளம்புகின்றன என்று ஒவ்வொரு நாடும் கணக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் நெல் கழனிச் சேற்றிலிருந்தும் மீத்தேன் வருகிறது. இத்தனை ஏக்கர் நெல், ஆகவே இத்தனை வாயு என்று உட்கார்ந்த இடத்தில் பெருக்கிப் போடுவதைவிட, எந்தக் கழனியில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று செயற்கைக்கோளில் பார்த்துப் போட்டால் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் பயிர் அடர்ந்த பிறகு, படத்தில் தெரிவது தண்ணீர்தானா என்று சந்தேகம் வருமாம். அதனால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்து போகும் நாளில், தரையில் ஒருவன் நின்று பார்த்து எழுத வேண்டும். அந்த ஒருவன் நான்.

முதல் நாளே சொதப்பினேன். டீக்கடையில் ‘மீத்தேன்’ என்று வாய் விட்டேன், பெஞ்சில் இருந்த நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். “மீத்தேன் எடுக்க வந்துட்டானுங்களா? இங்கயுமா?” அவர்களை உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதிலிருந்து ‘சேத்துல முட்டை முட்டையா வருதே, அந்தக் காத்து’ என்று சொல்லப் பழகினேன்.

ஒவ்வொரு கழனியிலும் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் இறக்கி வைத்திருந்தோம். உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். அதைக் குறித்துவிட்டு, வாரத்தில் எத்தனை நாள் கழனியைக் காய விடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் வாயு குறையும் என்று வேளாண் அதிகாரிகள் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடம். “காய்ச்சலும் பாய்ச்சலும்தான் தம்பி” என்று கேட்பதற்கு முன்பே சொல்வார்கள். குழாயில் ஐந்து விரல் தண்ணீர் நிற்கும். “இன்னிக்குத்தாம்பா பாய்ச்சினேன். நேத்து வரிக்கும் வெடிச்சுக் கெடந்துச்சு.” அடுத்த முறை போனாலும் இன்றைக்குத்தான் பாய்ச்சியிருப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வேன். இலவசக் கரண்டுக்குக் கேள்வி வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது?

உண்மை சொன்னவர் அந்த அக்கா ஒருவர்தான். எழுபது சென்ட் நிலம். ஊரார் கழனிகளில் பாதி ஆயுசு நாற்று நட்டுக் களை பறித்து வாங்கியது. கிணறு கிடையாது. மேற்கே ஒட்டிய கழனிக்காரர் வசதியானவர், அவருடைய மோட்டார் தண்ணீர்தான் ஒரு மடை வழியாக அக்கா கழனிக்கு வரும். பதிலுக்கு அக்கா அவருக்கு நடவுக்குப் போவார். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான்.

“பேரு வருமா?” என்று முதலில் கேட்டார்.

“வராதுக்கா. வெறும் நம்பர்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “அவரு மோட்டரு மோட்டரா அது? மாமியா வூட்டுக்கு வந்த புது மாப்ள. ஆட்டோ சுச்சுல கெடக்குது. கரண்டு வந்தா எழுந்துக்கும், போனா படுத்துக்கும். எழுந்தா வேலை உண்டா இல்லியான்னு கேக்கறதுக்கு ஆளு இல்ல, நிறுத்துன்னு சொல்றதுக்கும் ஆளு இல்ல. அவரு கழனி ரொம்பி என் கழனிக்கு வழியுது. நான் எங்கக் காய வுடறது?”

நான் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தேன். படிவத்தில் எல்லாமே டிக் அடிக்கும் கட்டங்கள். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பெட்டி இருக்கும், யாரும் எழுதமாட்டார்கள். எனக்கு ஜனங்கள் பேசுவதென்றால் உயிர். அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் அந்தப் பெட்டியில் எழுதினேன். அதில் சந்தோஷம் வேறு.

அந்தச் சந்தோஷத்தை வளர்த்துவிட்டவர் திட்ட அலுவலகத்து சார். நகரத்துக்காரர், என்னை ‘பிரதர்’ என்பார். திண்டிவனம் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவி வறுத்த மல்லாட்டையை, அவர் பாஷையில் வேர்க்கடலையை, பொட்டலம் கட்டி வாங்கிப் போவார். “உங்க குறிப்பைத்தான் பிரதர் நான் முதல்ல படிக்கிறேன். மத்ததெல்லாம் நம்பர், இதுதான் உயிர்” என்பார். கல்லூரிக்குப் போகாதவனுக்கு அப்படி ஒரு வார்த்தை போதாதா? பேர் வெளியே வராது என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். அவர் சொல்லை நம்பித்தான் நான் அக்காவுக்குச் சத்தியம் செய்தேன்.

கதிர் வருவதற்கு முன்பு விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கேசரி, வடை, காபி. கழனிக்காரர்களைக் கூட்டி வரச்சொன்னார்கள். அக்கா வேலை கெடும் என்றார், நான்தான் வற்புறுத்தினேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். நான் வண்டியில் முண்டியம்பாக்கம் தாண்டும்போது அந்த பஸ் என்னை முந்திப் போனது. ஜன்னலிலிருந்து கை காட்டினார்.

திரையில் எங்கள் ஊர் மேலிருந்து தெரிந்தது. தண்ணீர் நின்ற இடமெல்லாம் நீலம். ஊரே நீலம். சார் மைக்கில் சிரித்தபடி சொன்னார்: “எல்லாரும் காய விடறதா சொன்னீங்க. மேலேருந்து பாத்தா காஞ்ச இடத்தைத் தேட வேண்டியிருக்கு. ஏன்னு எங்களுக்கும் புரியல. ஒரே ஒருத்தங்க புரிய வெச்சாங்க.” அடுத்த படம் வந்தது. பெரிய எழுத்தில், மேற்கோளுக்குள், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை. கீழே ‘ஒரு பெண் விவசாயி’ என்று மட்டும். சார் அதை ராகமாகப் படித்தார்.

மண்டபமே சிரித்தது. பின் வரிசையில் அக்காவும், தன் பேச்சு மைக்கில் வருகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூன்றாவது வரிசையில் மேற்குக் கழனிக்காரர் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். ‘அவரு கழனி ரொம்பி’ என்ற இடத்தில் அவர் சிரிப்பு நின்றது. எங்கள் பட்டியலில் பெண் ஒருவர்தான். மேற்குக் கழனிக்காரர் மெதுவாகத் திரும்பிப் பின் வரிசையைப் பார்த்தார். அக்கா கேசரித் தட்டை மடியில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

கை கழுவும் இடத்தில் சாரைப் பிடித்தேன். “சார், பேர் வராதுன்னு சொன்னீங்க.”

“பேர் எங்க பிரதர் வந்துச்சு?”

“அப்படிப் பேசறது எங்க ஊர்ல அவங்க ஒருத்தங்கதான் சார். அந்தப் பேச்சுதான் அவங்க பேரு.”

“நல்லா இருந்துச்சு, அதான் போட்டேன். உங்களுக்குப் பெருமைதானே? இது டெல்லி வரைக்கும் போகப் போகுது, நாட்டுக் கணக்குக்கே.” கையைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட கை. அந்த ஈரம் சட்டையில் காயும்வரை நான் அங்கேயே நின்றேன்.

மறுநாளே மடை அடைபட்டது. சும்மா மண் போட்டு அல்ல, பலகைக் கல் வைத்துச் சேறு பூசி. மேற்குக் கழனிக்காரரிடம் போய்க் கெஞ்சினேன். மோட்டார் கொட்டகை வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“வாப்பா எழுத்தாளரே. இன்னா, இதையும் எழுதிக்கறியா? என் மோட்டரு மாப்ளன்னா அவன் என் வூட்டோடவே இருக்கட்டும். அடுத்த வூட்டுக்கு இன்னாத்துக்கு அனுப்பணும்?”

“பயிர் போயிடும்ணே. எழுதினது நான். என்மேல கோவத்தைக் காட்டுங்க.”

“கோவம் இன்னாத்துக்குப்பா? ஆபீசருங்க சொல்றதைத்தானே செய்யறேன். காய்ச்சலும் பாய்ச்சலும். அந்தம்மாவுக்குக் காய்ச்சல், எனக்குப் பாய்ச்சல்.”

அக்கா அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் வண்டியில் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிப் பார்த்தேன். வெடிப்புக்குள் இறங்கிய சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பங்குனி வெயிலில் குழாயைச் சுற்றி மண் விலகி, அது ஆட ஆரம்பித்தது. பால் கட்டிக்கொண்டிருந்த கதிர் பாதியில் வெளுத்தது.

அப்போது சாரிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

“பிரதர், லேட்டஸ்ட் படம் பாத்தீங்களா? ஊரே நீலம், நடுவுல ஒரே ஒரு கழனி காஞ்சிருக்கு. நம்ம மாப்ள மோட்டார் அம்மா! நாம சொன்னதைக் கேட்டு மாறிட்டாங்க பாருங்க. ரிப்போர்ட்ல ஒரு பக்கம் அவங்களுக்கு. குழாய் பக்கத்துல நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.”

“மாறல சார். அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் மடையை அடைச்சிட்டாங்க. பயிர் சாவுது.”

“காரணம் படத்துல தெரியாது பிரதர். கழனி காஞ்சிருக்கா இல்லையா?”

“காஞ்சிருக்கு.”

“அப்போ அந்த டிக்கை மட்டும் போடுங்க.”

“குறிப்புப் பெட்டி?”

“இந்த வாட்டி காலியா விட்டுடுங்க.”

எதற்காகப் போனேன் என்று இன்றைக்கும் எனக்கே சரியாகத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவா, படம் எடுக்கவா? மறுநாள் காலையில் அந்த வரப்பில் நின்றேன். தூரத்தில் பனையடியில் கட்டியிருந்த மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்துத்தான் அதைக் கேட்டார். வானத்தில் இருப்பது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால், என் வாயைப் பிடுங்கிக்கொண்டு போனது எதற்கு?

மேலே இருப்பதற்குத் தண்ணீர் நிற்பது தெரியும், ஏன் நிற்கிறது என்பது தெரியாது அக்கா. அதற்குத்தான் உங்கள் வாய் தேவைப்பட்டது. இதுதான் பதில். இதை எப்படி அவரிடம் சொல்வது?

அவர் காத்திருக்கவில்லை. பனையடிக்குத் திரும்பிப் போய், மாட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். கழனி ஓரத்தில் வந்ததும் மாடு காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. அந்தப் பயிர்ப் பக்கம் தலை திருப்பியதற்கே அடி வாங்கி வளர்ந்த மாடு. அக்கா கயிற்றைக் கீழே போட்டார். மாட்டின் பின்பக்கம் போய், இரண்டு கையையும் வைத்து அதைப் பயிருக்குள் தள்ளிவிட்டார்.