கோண்டாவில் என்று கத்தியவன்

இதை எழுதப் பல வருடம் பின்வாங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கொப்பியைத் திறப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடிவிடுவேன். சுழி மட்டும் உள்ள கொப்பிகள் மூன்று வீட்டில் கிடக்கின்றன.

போன கிழமை தவம் மாஸ்டர் செத்த முப்பத்தோராம் நாள். அங்கே தந்த நினைவு மலரைச் சாமியறையில் இருந்து வாசித்தேன். 'மாஸ்டர் விலகியதும், புதிய பயிற்றுநரின் அனுபவக் குறைவால் இறுதிப்போட்டியில் தோற்றோம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் அந்த வரி கிடப்பதைப் பொறுக்க முடியவில்லை. இன்று கொப்பியை மூடப்போவதில்லை.

விபூதி மணம் என்னை எப்போதும் ஹொல்ஸ்டெப்ரோ என்ற டேனிஷ் நகரின் விளையாட்டு மண்டபத்துக்குத்தான் கொண்டுபோகும். ஈர ஜாக்கெட்டுகள், ரப்பர் பந்து, சுடு கோப்பி, அவற்றோடு நான் காகிதச் சரையில் கொண்டுபோகும் விபூதி. சனிக்கிழமைகளில் சலவைத் தொழிற்சாலை வேலை முடிந்ததும், மனைவி பொரித்த பற்றிஸ் பலகாரப் பெட்டியோடு போய், பார்வையாளர் வரிசையின் மேல் வாங்கில் இருப்பேன். கூடைப்பந்து விளையாடும் எங்கள் பிள்ளைகள் வந்து விபூதிக்கு நெற்றியைக் காட்டுவார்கள். இந்தப் பந்தைத் தட்டாமல் தூக்கிக்கொண்டு ஓடினால் என்ன என்று முதல் வருடம் கேட்டவன்தான் நான். அடுத்த வருடமே மாஸ்டருக்கு அடுத்தபடி எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்றாகிவிட்டது.

மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணியைப் பேரெடுக்க வைத்தவர். இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயர்களில் ஆட்டம் பழக்கினார். 'கோண்டாவில்' என்றால் பந்து வலது மூலைக்கு. 'கீரிமலை' என்றால் எல்லாரும் பின்னுக்கு. எதிரணி டேனிஷ் பொடியன்கள் ஒன்றும் விளங்காமல் முழிப்பார்கள்.

முழங்கால் விட்டுப்போனதும் தன் இடத்துக்கு மதுவைக் காட்டினார். இங்கே பிறந்து அவரிடமே விளையாடியவள். "பொம்பிளைப் பிள்ளையோ?" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். மாஸ்டர் பிறகு ஒரு போட்டிக்கும் வரவில்லை. "நான் வந்தா பிள்ளையள் என்ர முகத்தைப் பாப்பினம்" என்றார். அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் என் வாயை வைத்தேன்.

மது ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டு டேனிஷ் எண்களில் பழக்கினாள். இறுதிப்போட்டியில் ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம், சில விநாடிதான் மிச்சம். அவள் ஓர் எண்ணைச் சொன்னாள். நான் எழும்பி நின்று, "கோண்டாவில்! கோண்டாவில்!" என்று கத்தினேன். பந்து வைத்திருந்தவன் என் சொல்லைக் கேட்டு வலது மூலைக்கு எறிந்தான். வாங்கவேண்டியவன் அவள் சொல்லைக் கேட்டுக் கூடைக்குக் கீழே ஓடினான். மூலையில் ஒருவருமில்லை. பந்து வெளியே போனது.

கார் தரிப்பிடத்தில் எங்கள் ஆட்கள், "மாஸ்டர் இருந்திருந்தா..." என்று தொடங்கிவிட்டார்கள். அழுத பிள்ளைகளிடம் மது, "பிழை என்ர. நான் வடிவாச் சொல்லேல்லை" என்றாள். நான் பற்றிஸ் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

அடுத்த பயிற்சிக்குப் போய், "பிள்ளை, அண்டைக்குக் கத்தினது நான்" என்றேன்.

"தெரியும் மாமா. உங்கட குரல் எனக்குத் தெரியாதோ?"

"பின்னை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் பிறகு வரமாட்டியள். பற்றிஸ் ஆர் கொண்டுவாறது?" சிரித்துவிட்டுச் சொன்னாள்: "கத்துங்கோ மாமா. ஆனா பிள்ளையளின்ர பேரை மட்டும் கத்துங்கோ."

அவளிடம் சொன்னதோடு என் கடன் தீர்ந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டு இருந்துவிட்டேன். ஊருக்குச் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் இப்போது அச்சில் ஏறியிருக்கிறது.

மது இன்றும் அதே அணியைத்தான் நடத்துகிறாள். மாஸ்டருக்குப் பிறகு யார் என்று கேட்டால், இவள்தான் என்று எந்தச் சபையிலும் எழும்பிச் சொல்வேன். பழைய மர வாங்குகள் போய்விட்டன. இப்போது விளையாடும் பிள்ளைகளுக்குக் கீரிமலையும் தெரியாது, கோண்டாவிலும் தெரியாது.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் என்மேல் இரக்கப்பட்டு, 'யாரோ கத்தினார்கள்' என்று மாற்றிவிட வேண்டாம். அந்த மண்டபத்தில் கோண்டாவில் என்ற சொல் கடைசியாகக் கேட்டது என் வாயிலிருந்துதான். அதை அப்படியே சொல்லுங்கள்.