தண்ணீருக்குக் கழலாத முத்திரைகள்

என் வலது கையின் இரண்டு விரல்களில் ஏறக்குறைய ஒரு வருடம் மண்ணெண்ணெய் வாடை இருந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும், தேயிலைக் கொழுந்தைக் கசக்கித் தடவினாலும் போகாது; ரொட்டியைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோகும்போது சம்பலின் காரத்துக்கு முன்னால் அந்த வாடைதான் மூக்கில் ஏறும். "குப்பி லாம்பக் குடிச்சவ மாதிரி நாறுற, தள்ளி ஒக்காரு" என்பார் அம்மா. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. எனக்குப் பன்னிரண்டு வயது. இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாய் நின்ற தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். வாடைக்குக் காரணம் தபால் முத்திரைகள். தண்ணீரில் எவ்வளவு நேரம் போட்டாலும் கழலாத, ஸ்டிக்கர் போல ஒட்டும் புதுவகை முத்திரைகள்.

அப்பா தோட்டத்துத் தபால்காரர். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்தின் பெயருக்கே வரும். அப்பா காலையில் இறங்கிப்போய்த் தபால் கந்தோரில் பையை வாங்கி, துரையின் கடிதங்களை ஆபீசில் கொடுத்துவிட்டு, மற்றவற்றைச் சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு 'புள்ளக் காம்பரா' வாசலில் நின்று பெயர் சொல்லிக் கொடுப்பார். காலையில் அங்கே விட்டுப்போன குழந்தைகளைத் தூக்கத் தாய்மார் வரும் நேரம் அது. எழுத்துத் தெரியாதவர்கள் அங்கேயே உறையைக் கிழித்து, "நீங்களே படிச்சுச் சொல்லுங்கண்ணே" என்று நீட்டுவார்கள். பத்தொன்பது வருடமாக அந்தப் பையைச் சுமந்தவர். அடுத்தவர் கடிதத்தை அவர் புரட்டிப் பார்த்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை.

படித்து முடித்த உறைகளை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். பீங்கானில் தண்ணீர் ஊற்றிப் போட்டால் நம் நாட்டு முத்திரைகள் கால் மணி நேரத்தில் தாமாகவே மிதந்து வரும். பழைய பத்திரிகையில் குப்புறக் காயவைத்து, 'சீ.ஆர். கொப்பி' என்ற தடித்த நோட்டு ஒன்றில் இலக்கமிட்டுக் குறிப்பேன்: நாடு, சீலில் உள்ள திகதி, ஊர், அனுப்பியவர், பெற்றவர். ஐந்து நிரல்களும் அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனாவால் கோடிட்டவை. எங்கிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று தெரியாத முத்திரை எனக்கு வெறும் படம்தான்.

தோட்டப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கணித ஆசிரியை, ஸ்டாஃப் குவாட்டர்ஸில் தனியாக இருந்தார். அவருக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து மாதம் இரண்டு மூன்று கடிதங்கள் வரும். முத்திரை கேட்டபோது மறுக்காமல் கொடுத்தார். ஆனால் உறையைக் கொடுக்கவில்லை. முத்திரை இருந்த மூலையை மட்டும், சீலில் பாதி போய்விடும்படி நெருக்கமாகக் கத்தரித்துக் கொடுத்தார். மிச்சம் அடுப்புக்குப் போனது. ஒருநாள் அவருடைய குசினி வாசலில் நான் நின்றபோது, நீலமும் சிவப்பும் கரையிட்ட உறை சுருண்டு எரிவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது. எரிப்பதற்கு எத்தனையோ பழைய தாள் இருந்தது. இதை ஏன் எரிக்கிறார் என்று அன்றைக்கே எனக்குள் ஒரு கேள்வி விழுந்தது.

அவர் தந்த முதல் முத்திரை ஒரு கங்காரு. இரவெல்லாம் தண்ணீரில் ஊறியும் அசையவில்லை. நகத்தால் கிளப்பப் பார்த்ததில் படம் இரண்டாகப் பிரிந்து, கங்காருவின் வால் தாளிலேயே தங்கிவிட்டது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வேலு மாமாவிடம் காட்டினேன். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர், எதையும் நேராகச் சொல்ல மாட்டார்.

"அடியில என்னமோ எழுதி ஒட்டியிருப்பாங்க பாப்பா. தண்ணிக்கு வந்துட்டா ரகசியம் போயிருமே. டீச்சரம்மாகிட்டயே கேளேன், கணக்குப் பரீட்சையில முட்டை போட்டுத் தருவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மண்ணெண்ணெய் வழியை நானாகத்தான் கண்டுபிடித்தேன். முத்திரையைக் குப்புறப் போட்டு, தாளின் பின்பக்கத்தில் கோழி இறகால் இரண்டு சொட்டு விட்டு, நூறு எண்ண வேண்டும். தாள் கண்ணாடிபோல ஆகிவிடும். பிளேடை மூலையில் நுழைத்தால் முத்திரை பசையோடு முழுசாக வந்துவிடும். பசைப்பக்கத்தில் அம்மாவின் முகப்பவுடரைத் தூவினால் பிசுபிசுப்பு அடங்கும். பவுடர் தூவுவதற்கு முன் ஒவ்வொன்றின் அடியையும் லாம்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். எழுத்து இல்லை. ஒன்றில் மட்டும் நீல மையில் ஒரு சிறு கோடு. "அடியில் நீல மைக் கோடு. காரணம் தெரியவில்லை" என்று கொப்பியில் எழுதிவைத்தேன்.

பாதிச் சீலோடு வந்த முத்திரைகளால் என் நிரல்கள் வெறுமையாக நின்றன. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. கடும் மழை நாட்களில் அப்பா பையை நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு உடை மாற்றப் போவார். அந்த ஐந்து நிமிடத்தில் டீச்சரின் கடிதத்தைத் தேடியெடுத்து, திகதியையும் ஊரையும், பின்பக்கம் இருந்த அனுப்பியவர் பெயரையும் பார்த்து எழுதிக்கொண்டேன். ஆறு மாதத்தில் எட்டு வரிகள் சேர்ந்தன. அனுப்பியவர்கள் மூன்று பேர். நான்காவதாக ஒருவர் பெயர் போடாமலே எழுதினார். அந்த இடங்களில் கேள்விக்குறி போட்டேன்.

பிறகு, என் வாழ்க்கையில் இன்றுவரை எனக்கே விளங்காத ஒரு காரியம் செய்தேன். கொப்பியை டீச்சரிடமே எடுத்துப்போய்க் காட்டினேன். கேள்விக்குறிகளை அவர் நிரப்பித் தருவார் என்று நினைத்தேன். கோடுகள் நேராக இருப்பதைப் பாராட்டுவார் என்றும் நினைத்தேன்.

அவர் நின்றபடியே வாசித்தார். பக்கத்தைத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"ஆர் உம்மை இதை எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க டீச்சர்."

"அப்பாவோ?"

"இல்லீங்க."

"ஆபீசில ஆரும் கேட்டவையோ? பயப்பிடாமல் சொல்லும் பிள்ளை. ஆர் சொன்னது?"

"முத்திரைக்காக நானாத்தான் எழுதினேங்க."

"முத்திரைக்கு அடியில என்னத்தைத் தேடினீர்?"

கொழும்பில் ஏதாவது வெடித்தால் மறுநாள் எங்கள் பக்கத்து பஸ்களிலும் 'செக்கிங்' நடந்த யுத்த காலம் அது. யாழ்ப்பாணத்து விலாசமுள்ள அடையாள அட்டைக்காரருக்கு வெளிநாட்டிலிருந்து யார் எழுதுகிறார், எத்தனை முறை எழுதுகிறார் என்பதெல்லாம் விசாரணையில் கேட்கப்படும் கேள்விகள். அவர் அடுப்பில் எரித்ததையெல்லாம் நான் நேர்க்கோடு போட்டு எழுதிவைத்திருந்தேன்.

அதுவரை லயத்துப் பக்கம் வந்திராத டீச்சர் அன்று என்னோடு வந்தார். அப்பாவிடம் கொப்பியை நீட்டினார்.

"அண்ணை, இதை நீங்கள் முந்திக் கண்டனீங்களோ?"

அப்பா இரண்டு பக்கம் படித்தார். "எம் மக எழுத்துதாங்க. நான் பார்த்ததில்ல."

"நான் உங்களைக் குற்றம் சொல்ல வரேல்லை."

"சொல்லலீங்க டீச்சரம்மா. ஆனா கேட்டுட்டீங்க."

அவர் முன்னாலேயே கொப்பியை அடுப்பில் வைத்தார் அப்பா. அங்கங்கே மண்ணெண்ணெய் சிந்திய தாள்கள் பக்கென்று பிடித்துக்கொண்டன. முழுவதும் எரியும்வரை டீச்சர் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். அப்பா என்னை அடிக்கவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை.

அதன் பிறகு அவுஸ்திரேலியக் கடிதம் ஒன்றுகூட அப்பாவின் பையில் வரவில்லை. டீச்சர் சனிக்கிழமைகளில் பதுளைக்கு பஸ் ஏறினார். அங்கே தெரிந்தவர் வீட்டு விலாசத்துக்குக் கடிதங்களை மாற்றிவிட்டார் என்று பேச்சு வந்தது. ஏன் மாற்றினார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் லயமே ஒரு காரணம் கண்டுபிடித்தது. கடிதம் வாங்குகிறவர்கள் உறையைத் திருப்பி, ஒட்டிய மடிப்பின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்பாவின் எதிரிலேயே அதைச் செய்தார்கள். படித்துச் சொல்லும்படி யாரும் அவரிடம் நீட்டவில்லை. வேலு மாமாகூட ஒருநாள் உறையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அன்று அவர் கேலி எதுவும் பேசவில்லை.

நான்தான் எழுதினேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீ சொன்னா, அப்பன் மகளை வச்சு எழுதினான்னு பேசுவாங்க. வாய மூடிக்கிட்டு இரு" என்றார் அம்மா. மூடிக்கொண்டேன். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்பா பையை ஆபீசில் ஒப்படைத்துவிட்டுக் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலைக்குப் போனார்.

அடுத்த வருடம் டீச்சருக்கு இடமாற்றம் கிடைத்தது. பெட்டியைத் தெமோதரை ஸ்டேசனுக்குத் தூக்கிவர அப்பாவைத்தான் கேட்டனுப்பினார். ரயில் வந்தபோது, நான்காக மடித்த ஒரு தாளை அப்பாவின் கையில் வைத்து, "என்ர புது விலாசம் அண்ணை. ஒரு கடிதம் போடுங்கோ" என்றாராம். ரயில் போன பிறகு அப்பா அதைப் பிரித்துப் பார்க்காமலே கிழித்துப் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"நம்பிக் குடுத்தாங்களா, சோதிச்சுப் பார்க்கக் குடுத்தாங்களான்னு தெரியல. எதுவா இருந்தாலும் அந்த விலாசம் நம்ம வீட்டுல இருக்க வேணாம்."

இப்போது நான் பதுளையில் இருக்கிறேன். அப்பா என்னோடுதான் இருக்கிறார். தோட்டத்தில் பெயர் சொல்லிக் கடிதம் கொடுக்கும் வழக்கம் நின்று பல காலமாகிவிட்டது. வங்கிக் கடிதமும் மின்சார பில்லும்தான் வருகின்றன, அவற்றில் முத்திரைக்குப் பதில் அச்சடித்த கட்டம் இருக்கிறது. சாயங்காலம் அந்த வாசலில் கூடுவதற்கு யாருக்கும் காரணமில்லை. நான் நாட்குறிப்பு எழுதுகிறேன், தினமும், திகதியும் வெப்பநிலையும் போட்டு. மற்றவர்கள் பெயரை முதலெழுத்தாகக்கூட எழுதுவதில்லை. போன மாதம் பாடசாலைப் பழைய மாணவர் குழுவில் ஒருத்தி, டீச்சர் இருக்கும் இடம் தனக்குத் தெரியும், விலாசம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாள். டீச்சரிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. யாரும் சொல்லி நான் எழுதவில்லை என்பதுதான் அது. முன்பு மூன்று முறை சொல்லியும் அவர் நம்பாத வாக்கியம்.

வேண்டாம், விலாசம் அனுப்பாதே, என் போன் இலக்கத்தை அவருக்குக் கொடு என்று பதில் போட்டேன். இன்றுவரை அழைப்பு வரவில்லை.