பூஜையில் வைத்த போன்

தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் ஒரு சாமானும் தப்பாது. மிக்சி, ஸ்கூட்டர், அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. அதில் என் நாத்தனார் படு கறார். கோவிலம்பாக்கத்தில் வாடகைக்கு இருப்பவள், அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து அதிகாரம் செய்வாள். எனக்கும் அது பிடிக்கும். வேலை பாதியாகக் குறையுமே!

அந்த வருடம் என் வீட்டுக்காரரின் லேப்டாப்பும் போனும் பூஜைக்குப் போயின. அவற்றில்தான் அவருடைய ஷேர் வியாபாரம். வியாபாரம் என்ன வியாபாரம்! எவனோ ஒருவனிடம் வாங்கிய புரோகிராம் தானாகவே வாங்கும், தானாகவே விற்கும். இவர் காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். "மனுஷன்தான் பயப்படுவான், இது பயப்படாது" என்று பெருமை வேறு.

லேப்டாப்பை மூடினால் புரோகிராமும் நின்றுவிடும் என்று நம்பித்தான் மூடினார். அது ஓடிக்கொண்டிருந்ததோ, எங்கோ வாடகைக்கு எடுத்த வேறொரு கம்ப்யூட்டரில். அன்று சந்தைக்கு லீவும் கிடையாது.

தீபாராதனை முடிந்து பொரிகடலையைப் பங்கு போடும்போது அவர் போன் அதிர ஆரம்பித்தது. நின்றது, மறுபடி அதிர்ந்தது. அவர் கை நீட்டினார்.

"அண்ணா! பூஜைல வெச்சத தொடாத. நாளைக்கு எடுத்துக்க" என்றாள் நாத்தனார்.

"ஆபீஸ் காலா இருக்கும்மா."

"ஆயுத பூஜையும் அதுவுமா இன்னா ஆபீஸ்? பேஜார் பண்ணாம உக்காரு."

விஷயம் இதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மனிதர். சொல்லவில்லை. கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று நான் ஜூஸ் கலக்கப் போனேன். என் புத்தியை என்ன சொல்ல!

மறுநாள் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முந்தின நாள் விலை இறங்க இறங்க, அந்தச் சனியன் கடனுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டே போயிருக்கிறது. கடைசியில், போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு எச்சரித்தும் யாரும் எடுக்காததால், தரகு கம்பெனி கடனை ஈடுகட்ட எல்லாவற்றையும் கிடைத்த விலைக்கு விற்றுத் தள்ளிவிட்டது. கணக்கு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நான் திட்டித் தீர்த்தேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் மீதியைச் சொன்னார். ஊரப்பாக்கத்தில் மாமனாரின் நிலத்தை விற்றபோது, ஃபிளாட் அமையும்வரை அண்ணனிடமே இருக்கட்டும் என்று தங்கை விட்டுவைத்த பங்கும் அதில்தான் போயிற்றாம். அவளைக் கேட்காமலே போட்டிருக்கிறார். அவள் கண்ணெதிரே போனை எடுத்திருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே! அந்த வேர்வையைப் பார்த்தபோதே நான் தோண்டித் துருவிக் கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

கோவிலம்பாக்கத்துக்கு இருவருமாகப் போனோம். இன்றும் அவள் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கத்துவாள், சாபம் விடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே போனை எடுத்து உன் கையில குடுத்திருப்பேனேண்ணா" என்றாள். "சாமி கோச்சுக்கவா போவுது?"