மாரி சீவி எறிந்த அடிக்கனம்

இன்று சொல்ல வேண்டியவை:
1. மாரி செய்தது தவறு.
2. கிண்ணம் வீணாகிவிட்டது.
3. இரண்டையும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

என் மனைவிக்குக் கை நடுங்குகிறது. கை இடித்தாலும் கவிழாத கஞ்சிக் கிண்ணம் வேண்டும். அதற்காகவே பலாக்கட்டையில் ஒன்று கடைந்து, அடியைக் கனமாக விட்டிருந்தேன். கடையும்போது லேத் கவ்விப் பிடிப்பதற்காக அடியில் விட்ட குமிழை மட்டும் இன்று சீவினால் வேலை முடிந்தது.

ராயபுரத்தில் மாரியின் பட்டறைக்குப் போனேன். அவர் இரும்பு கடைபவர். வேலை இல்லாத நேரத்தில் லேத்தை எனக்குத் தருவார். கிண்ணத்தையும் அங்கேதான் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"நைனா, ஒன் வேலைய நானே முடிச்சிட்டேன்," என்றார்.

"அடியில கனம் இருந்ததே மாரி?"

"அத்த ஏன் கேக்கற. கஞ்சி குடிக்கிற கிண்ணமா, கப்பல் நங்கூரமா? குமிழோட சேத்து பாதிய சீவிட்டேன். இப்ப தூக்கிப் பாரு, பூ மாதிரி கீது."

பூ மாதிரிதான் இருந்தது. விளிம்பில் விரல் பட்டதும் சாய்ந்தது.

என்னைக் கேட்காமல் எப்படிக் கைவைக்கலாம்? கடைந்தவன் காரணத்தோடுதான் விட்டிருப்பான் என்று தோன்றாதா? சீவிய மரத்தை யார் ஒட்டித் தருவார்கள்? எழுதும்போதும் உடம்பு கொதிக்கிறது.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. பஸ்ஸில் திரும்பும்போது மனதுக்குள் திட்டியதைச் சொன்னதாக எழுதிவிட்டேன். பட்டறையில் நான் சொன்னது, "ரொம்ப நன்றி மாரி." டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், முதல் இரண்டை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். என் பெயர் வேண்டாம்.