கலைமதி மேடம் போர்டில் போடும் தப்பு

கலைமதி போய்விட்டாள். எங்கள் கணிதத் துறை கலைமதி மேடம். நேற்று திண்டிவனம் காலேஜில் கிளாஸ் நடத்திக்கொண்டிருக்கும்போதே விழுந்தவள், எழுந்திருக்கவே இல்லை...

மூளையில் ரத்தக்கசிவாம்.

விழுப்புரத்திலிருந்து தினமும் ஒரே ரயிலில் போய், ஒரே ரயிலில் திரும்புவோம். ஒரே வயசு, ஒரே வேலை. இரண்டு பேருக்கும் பிபி.

ரயில் கிளம்பியதும், மாத்திரை போட்டேனா என்று என்னை அதட்டுவாள். நீ போட்டியா என்று கேட்டால், "வர்ற அவசரத்துல மறந்துட்டேன்டி, சாயங்காலம் போட்டுக்கினா போச்சு" என்பாள். ரயிலில் விற்கிற அவித்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்க மட்டும் மறக்கவே மாட்டாள், ராட்சசி!

செகண்ட் இயருக்கு அல்ஜீப்ரா நான், எண் கோட்பாடு அவள். பாதிப் பாதி பிரித்து எடுத்தோம்.

அவளுக்கு ஒரு வழக்கம். போர்டில் வேண்டுமென்றே ஒரு தப்பு போடுவாள். பிள்ளைகள் கண்டுபிடிக்கும்வரை அழிக்க மாட்டாள். முகத்திலும் ஒன்றும் காட்ட மாட்டாள், கல்லுளிமங்கி.

ஒருமுறை மாடுலோ ஆறு. அதாவது ஆறால் வகுத்தால் ஒரே மீதி வரும் எண்கள் எல்லாம் சமம். இரண்டும் எட்டும் சமம் என்று எழுதினாள். சரி. உடனே இரண்டு பக்கமும் இரண்டை அடித்துவிட்டு, ஒன்றும் நான்கும் சமம் என்று முடித்தாள். ஆறால் வகுத்தால் இரண்டுக்கும் மீதி வேறு வேறு, அதுதான் தப்பு.

எல்லாரும் அப்படியே காப்பி பண்ணிக்கொண்டார்கள். முகையூர் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, "அப்போ ஒரு மாடு வச்சிருக்கிற வூடும் நாலு மாடு வச்சிருக்கிற வூடும் ஒண்ணா மேடம்?" என்றாள். கலை சிரித்த சிரிப்பு ஸ்டாஃப் ரூமில் இருந்த எனக்கே கேட்டது.

நேற்று காலையிலேயே தலைவலி என்றாள். "லீவு போட்டுட்டு திரும்பிடுடி" என்றேன். "போர்ஷன் முடியலடி. காபி குடிச்சா சரியாப் பூடும்" என்றாள்.

மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்க, போர்டில் வகுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு வரியில், வகுக்கும் எண்ணைவிட மீதி பெரிதாக வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. "கண்டுபுடிச்சிட்டோம் மேடம்!" என்று கைதட்டியிருக்கிறார்கள்.

அடுத்த வரியும் தப்பு. மறுபடி கைதட்டல்.

அவள் திரும்பினாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மேடம் நடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள்... ஐயோ கடவுளே.

நாளையிலிருந்து அந்த கிளாஸும் எனக்குத்தான். அதே போர்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்ல வெட்கமில்லை. காலையிலிருந்து கண்ணாடி முன்னால் சிரித்துச் சிரித்து வாயைப் பார்க்கிறேன். வாய்ப்பாடு சொல்லிப் பார்க்கிறேன். எங்கேயாவது தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இப்போதுதான் அந்த முகையூர் பெண் போன் பண்ணினாள். அழுதுகொண்டேதான் பேசினாள்.

"நாங்க சிரிச்சிக்கினு இருந்தோம் மேடம்... நாளைக்கு நீங்க தப்பு போடாதீங்க மேடம். தெரியாமகூட போட்டுடாதீங்க. எங்களுக்குப் பயமா இருக்குது."

போனை வைத்துவிட்டு, மறுபடி கண்ணாடி முன்னால் போய் நின்றேன்.

போய் வா, கலை... நாளைக்கு ரயில் ஏறவே பயமா இருக்குடி.