வலை காயும் மணல்

ரேஷன் கடையில் கார்டை வலக்கையால் நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டேன். ரங்கூனில் பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அப்படித்தானே கொடுப்போம்? கடைக்காரர் பதறிப்போய், "இன்னாபா, கை நோவுதா? அடி கிடி பட்டுச்சா?" என்றார். மரியாதை என்று விளக்கினேன். "ஓ, பர்மாக்காரனா நீ!" என்று அரிசி அளக்கத் தொடங்கினார். அங்கே நாற்பது வருடம் என்னை இந்தியாக்காரன் என்றார்கள். எண்ணூரில் ஒரே வாரத்தில் பர்மாக்காரன் ஆகிவிட்டேன். என்ன பிழைப்பு இது!

இந்த ஆசியக் கண்டத்தில் யார் யாரைத் துரத்தினார்கள் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. வெள்ளைக்காரன் பர்மாவைப் பிடித்தான். மூட்டை தூக்கவும் வயல் உழவும் நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றினான். பர்மியர் கண்ணுக்கு நாமும் அவன்கூட வந்தவர்கள்தான். ரங்கூனில் இருந்தவரை அது என் புத்திக்கு எட்டவில்லை. பிறகு ஜப்பான்காரன் வந்தான், போனான். கடைசியில் பட்டாள ஆட்சி என் தையற்கடையைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடு அனுப்பியது. பிறந்த மண்ணே துரோகம் செய்துவிட்டதே என்று கப்பலில் வயிறெரிந்து அழுதேன்.

அகதி முகாமில், எண்ணூரில் காலி மணல் இருக்கிறது, குடிசை போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். பன்னிரண்டு குடும்பங்கள் போட்டோம். மறுநாள் காலையில் நெட்டுக்குப்பத்து மீனவர்கள் ஈர வலைகளைச் சுமந்து வந்து நின்றார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வலை காயப்போடும் இடமாம். வேலியும் இல்லை, கல்லும் இல்லை; நமக்கு எப்படித் தெரியும்? அடிதடி ஆகவேண்டியது. தேசப்பன் என்ற மீனவர்தான் குறுக்கே வந்தார். என் கடை போன கதையைச் சொல்லி அவர் முன்னால் அழுதுவிட்டேன். அவர் தன் ஆட்களிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாவம்பா, கடல் தாண்டி வந்துகீறாங்க. இந்தாண்ட வூடு கட்டிக்கட்டும். அந்தாண்ட வலைக்கு வுட்ரு. இன்னா சொல்றே நைனா?"

ஒரு சாண்கூடத் தாண்டமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கே அவர் வீட்டிலிருந்து ஒரு சட்டி மீன்குழம்பு வந்தது. மூன்று வருடம் ஒரு சச்சரவும் இல்லை.

போன மாதம் தொழிற்சாலைக்கு நிலம் அளக்க வந்தார்கள். தேசப்பன் கடலுக்குப் போயிருந்த நேரம். எங்களுக்குப் பட்டா தருவதாகச் சொன்ன அதிகாரி, வலை காயும் மணலைக் காட்டினார். "இது யாரும் புழங்காத எடம்தானே? குடியிருக்கிறவங்க சார்புல கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா உங்க எடத்தையும் சேர்த்துத்தான் எடுக்கணும்."

மறுபடி மூட்டை கட்ட எனக்குத் தெம்பில்லை, நண்பர்களே. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அங்கே முள்கம்பி வேலி; எங்கள் குடிசைகளுக்குப் பட்டாவும் எல்லைக்கல்லும். நேற்றுக் காலை தேசப்பன் ஈர வலையோடு அதன்முன் நின்றிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"உன் கடையப் புடுங்கிக்கினாங்கன்னு அயுதியே நைனா. நம்பிட்டேன்பா" என்றார்.

"என் வாசல்ல விரிங்க தேசப்பா. வாங்க" என்றேன்.

"வேணாம்பா. அது உன் பட்டா எடம்."

எங்கள் வாசலில் குறுக்கே நடந்தால் அவர் குப்பத்துக்கு நாலடி. அவர் எங்கள் எல்லைக்கல்லைக்கூட மிதிக்காமல், சொட்டும் வலையோடு சுற்றிக்கொண்டு, ரோட்டு வழியே போனார். வாழ்நாளில் முதன்முறையாகச் சொந்த மண்ணில் நின்றுகொண்டு, கூப்பிடத் தைரியமில்லாமல், பார்த்துக்கொண்டிருந்தேன்.