சந்தானம் குடித்த கிரீன் டீ

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் சந்தானம் தரப் பரிசோதகராக இருந்த காலத்தில், அவர் தலையாட்டாமல் ஓர் இரும்புத் துண்டுகூட வாசலைத் தாண்டியதில்லை. மேனேஜரே வந்து கெஞ்சினாலும் ஊஹும். அப்பேர்ப்பட்ட மனிதர், ரிடையராகி நாலு வருஷம் கழித்து, 2004-இல், தன் உடம்பு விஷயத்தில் மட்டும் ஓடி ஒளிந்தார்.

ரத்தப் பரிசோதனையில் ஏதோ அளவு கூடியிருந்தது. புராஸ்டேட்டில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, ஊசியால் சதை எடுத்து பயாப்ஸி செய்துவிடலாம் என்றார் டாக்டர். சந்தானம் வீட்டில் மூச்சு விடவில்லை. மனைவி லலிதாவுக்குக்கூடத் தெரியாது.

அந்தச் சமயம் பார்த்து மருமகள் வேதவல்லி ஆய்வுக்கூடத்திலிருந்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். கண்ணாடித் தட்டில் அவள் வளர்த்த புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள், கிரீன் டீயிலிருந்து பிரித்தெடுத்த பொருளை ஊற்றியதும் வளர்வது குறைந்துவிட்டதாம். சந்தானத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காபிக்காக உயிரை விடுகிற மனிதர், மறுநாளே காபியை நிறுத்தினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு கிரீன் டீயை விழுங்கினார். கண்றாவி, வேப்பிலைக் கஷாயம் தேவலை. ஆனால் நம்ம வேதா கண்டுபிடித்ததாயிற்றே! பெருமை தாங்காமல் பூங்கா நண்பர் யாதகிரியிடம் எல்லாவற்றையும் உளறிவைத்தார்.

யாதகிரி ஒருநாள் வேதாவை வழிமறித்தார். மாமனார் பயாப்ஸியே வேண்டாமென்று விட்டது அந்த டீயை நம்பித்தானே, தன் அண்ணனுக்கும் கொஞ்சம் தர முடியுமா என்று தெலுங்கில் கேட்டார். டாக்டர் பயாப்ஸி சொன்னதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, தட்டுல இருக்கற செல்மேல நான் நேரா ஊத்தறேன். நீங்க குடிக்கறதுல அங்க எவ்வளவு போய்ச் சேரும்னு எனக்கே தெரியாது."

"அப்போ மூணு மாசமா இந்தக் கசப்பை எதுக்குக் குடிச்சேன்?" என்றார் சந்தானம். "பயமா இருக்கும்மா."

"எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா. ஆனா பரிசோதிக்காம ஒரு துண்டையாவது வெளியே விட்டிருக்கேளா நீங்க?"

கோபம் வந்தது அவருக்கு. யாரிடம் காட்டுவது? பாதி குடித்த டீயை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு, சமையலறை வாசலில் நின்றார்.

"லலிதா, காபி போடேன். போட்டுட்டு வந்து உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."